பின்சக்கர டிரம் பிரேக்கை வீட்டிலேயே பிரிக்கலாமா?

கேள்வி (பாலக்கோடு):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பழைய காரில் ஹேண்ட் பிரேக்கை முன்பைவிட அதிக உயரத்துக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. வலது பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாகவும் உள்ளது. பிரேக் ஷூவை (டிரம்மின் உட்புறத்தில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த பாகம்) நானே மாற்ற விரும்புகிறேன், ஆனால் சக்கரத்தோடு சுழலும் அந்த டிரம் கழன்று வர மறுக்கிறது. மாமாவின் ஏர் பிரேக் லாரியிலும் பின் பிரேக் வேலை இருக்கிறது. அதையும் வீட்டிலேயே பார்த்துவிடலாமா?

பதில் (கிருஷ்ணகிரி):
அந்த ஈரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். டிரம்மைக் கழற்றியதும், ஷூவை டிரம்மை நோக்கித் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே பிரேக் ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டரை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றுவது வீண் செலவு, ஏனெனில் ஷூவின் மேலுள்ள புதிய உராய்வுப் பட்டையும் (லைனிங்) சில நாட்களில் ஆயிலில் ஊறிவிடும். ஷூவை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். அது பிடித்திருக்கும்வரை டிரம் வராது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். பல டிரம்களின் முகப்பில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். அப்போதும் வராவிட்டால், தேய்மானத்தால் டிரம்மின் ஓரத்தில் எழுந்த விளிம்பில் ஷூ சிக்கியிருக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற குழப்பம் வந்தால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துத் தெளியலாம். தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே நல்லது. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் முடுக்க வேண்டும், முதலில் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

பதில் (தருமபுரி):
லாரியை வீட்டில் தொடவே வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அதன் பின்பக்க பிரேக் சேம்பருக்குள் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் உருளை) பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைக்கும் பெரிய ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கை முறையாகக் கட்டாமல் சேம்பரைத் திறந்தால் அது சீறிப் பாய்ந்து ஆளையே கொன்றுவிடும். பழகிய பட்டறையில் கொடுங்கள்.

காரில் சிலிண்டரை மாற்றினால் குழாயில் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றியாக வேண்டும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் காற்று இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சேலம் செல்லும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்காதீர்கள். முதலில் ஆளில்லாத சமதளச் சாலையில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பாருங்கள்.