பால்ட்வின்னு பேர் போட்ட பழைய கிட்டார், பிக்கப்பை மாத்தலாமா?

பாளை_கேரல்: சித்தப்பா கப்பல்ல இருந்தப்ப லண்டன்ல வாங்கினது. தலையில 'பால்ட்வின்'. மூணு பிக்கப் (கம்பி அதிர்றதை கரண்டா மாத்தி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புற காந்தக் கட்டை). குமிழ்ல 'ஸ்ப்ளிட் சவுண்ட்', 'வைல்ட் டாக்'னு எழுதியிருக்கு. சத்தம் விட்டு விட்டு வருது. ரிப்பேர்காரரு மூணையும் கழட்டிட்டுப் புதுசு போடணும்ங்காரு. கிறிஸ்துமஸ் கேரலுக்குள்ள ரெடியாகணும் அண்ணாச்சிமாரே, போடலாமா?

தச்சநல்லூர்_அண்ணாச்சி: ஐயையோ, கழட்ட விட்டுராதீங்க தம்பி! பேருதான் பால்ட்வின், மூளை இங்கிலாந்துல கிட்டார் செஞ்ச ஜிம் பர்ன்ஸோடது. 1959 வரைக்கும் இங்கிலாந்துல அமெரிக்கக் கிட்டார் இறக்குமதிக்குத் தடை. தடை நீங்குன அந்த வருஷம்தான் இவரு ஹென்றி வைல்கூட கூட்டுக் கம்பெனி போட்டாரு. மறு வருஷமே பிரிஞ்சு தனிக்கடை. அமெரிக்க கிட்டார் கம்பெனி ஃபெண்டரைப் பாத்து அப்படியே காப்பி அடிக்காம, கிறுக்குத்தனமா யோசிச்ச மனுசன். 1961-ல வந்த அவரோட பைசன் கிட்டாருக்கு ரெண்டு கொம்பும் முன்னால வளைஞ்சு நிக்கும். 1964-ல ஷேடோஸ் பேண்டு கிட்டாரிஸ்ட் ஹேங்க் மார்வினுக்குச் செஞ்சதுல தலை வயலின் மாதிரி சுருண்டிருக்கும்.

உங்க குமிழ் விஷயத்துக்கு வாறேன். ஸ்ப்ளிட் சவுண்ட்ல தடிச்ச மூணு கம்பி ஒரு பிக்கப்புல பேசும், மெலிஞ்ச மூணும் இன்னொண்ணுல. வைல்ட் டாக் வச்சா சத்தம் மெலிஞ்சு மூக்கால வரும். இந்த ஆட்டத்துக்கெல்லாம் பிக்கப்பும் குமிழும் ஜோடியா இருக்கணும், புதுசு மாட்டினா எல்லாம் போச்சு. குயீன் பேண்டு கிட்டாரிஸ்ட் ப்ரையன் மே அப்பாகூட சேர்ந்து வீட்டுல செஞ்ச கிட்டார்ல இருக்கதும் பர்ன்ஸோட ட்ரை-சோனிக் பிக்கப்தான். ஊளையிடாம இருக்க பிக்கப்புக்குள்ள அரால்டைட் பசை ஊத்தியிருக்காரு!

வியாபாரத்துலதான் பர்ன்ஸ் கோட்டை விட்டுட்டாரு. ஃபெண்டரை வாங்கப் போன அமெரிக்கப் பியானோ கம்பெனி பால்ட்வின், ஃபெண்டர் அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனி சிபிஎஸ் கைக்குப் போனதும் 1965-ல இவர் கடையை வாங்குச்சு. 1970 வாக்குல அதையும் ஏறக்கட்டிட்டாங்க.

சமாதானபுரம்_ட்ரம்ஸ்: வைல்ட் டாக் வச்சு 'ராக்காலம் பெத்லேம்' வாசிச்சா சர்ச் ஐயரு நம்மள மேடைய விட்டே எறக்கிருவாரு 😀

பாளை_கேரல்: அண்ணாச்சி, குமிழை நாலு தடவை திருப்பினா சத்தம் ஒழுங்கா வருது, அப்புறம் மறுபடி போயிருது.

தச்சநல்லூர்_அண்ணாச்சி: அப்ப பிக்கப் மேல ஒரு குத்தமும் இல்ல, குமிழ் காண்டாக்ட்ல அழுக்கு. ஜங்ஷன்ல டிவி ஸ்பேர் கடையில காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேன்னு கேளுங்க. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயைக் குடுத்தா வாங்காதீங்க. ஒயரை நிமிண்டாம அடிச்சு, நல்லாக் காய விட்டுத் திருப்பிப் பாருங்க. ரிப்பேர்காரர் கேட்டா கிட்டார் சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டுன்னு சொல்லிருங்க.