ஒன்பதாம் படுக்கைக்கும் 18

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி:

முதல் வார்டு போஸ்டிங்கில் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஆண்கள் மெடிக்கல் வார்டு, காலை ஏழரை. பன்னிரண்டு பேருக்கு வைட்டல்ஸ் எடுக்க வேண்டும். பி.பி., டெம்பரேச்சருக்குக் கருவி இருக்கிறது, பல்ஸுக்கு விரல் இருக்கிறது. மூச்சை எண்ணத்தான் ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பழைய சார்ட்டைப் புரட்டினால் எல்லோருக்கும் 18, 20, 18. நானும் வரிசையாக 18 போட்டுவிட்டேன்.

இன்சார்ஜ் சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். திட்டவில்லை. ஒன்பதாம் படுக்கைத் தாத்தாவிடம் கூட்டிப்போய், அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸ் பார்ப்பதுபோல நின்றார். கண் மட்டும் நெஞ்சில். "இப்போ நீ எண்ணு" என்றார். முழு நிமிடத்துக்கு 30. தாத்தா கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார்; ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. இதெல்லாம் நான் பி.பி. எடுத்தபோதும் அப்படியேதான் இருந்திருக்கும். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் சொன்னார்.

டாக்டர் வந்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள், நிமோனியா.

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தேன். "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும், அதனால்தான் கையைப் பிடித்தபடியே எண்ணுவது என்பதும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஸ்டாஃப் நர்ஸ், ஒன்பது வருடம்:

நீங்கள் மூச்சை எண்ணவில்லை. நான் ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கவாதம் வந்த ஓர் அம்மா, இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். நைட் டியூட்டியில் ஆள் இல்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று சார்ட்டில் முன்கூட்டியே நிரப்பிவிட்டேன். காலையில் உடம்பு துடைக்கத் திருப்பினால், வால் எலும்புக்கு மேலே ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம் சுற்றியிருந்த தோலைவிடக் கருத்துச் சூடாக இருந்தது. கீழே பெட்ஷீட் சுருக்கம், அதில் நான்கைந்து பிஸ்கட் துணுக்கு.

அழுத்திப் பார்த்தால் வெளுக்காத சிவப்புதான் படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்று படிப்போம். நம்ம ஊர் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரியும்? சூட்டையும் விறைப்பையும் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அவசரத்தில் அந்த இடத்தைத் தேய்த்துவிடப் போனேன், சீனியர் கையைத் தட்டிவிட்டார்: தேய்த்தால் உள்ளே இன்னும் கெடும். நடுவில் ஓட்டை வைத்த ரிங் தலையணையும் வேண்டாம், அது சுற்றியுள்ள சதையை அழுத்தும். குதிகாலை மறந்துவிடாதீர்கள், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்தால் குதிகால் தொங்கலாக நிற்கும்.

புண் ஆழமாகாமல் ஆறியது. அந்தச் சார்ட் ஃபைலில் அப்படியே இருக்கும்.

நர்ஸ் இல்லை, நோயாளிக்குத் துணையாக இருந்தவன்:

பையனுக்கு டெங்கு. எவ்வளவு குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனான் என்று எழுதிவைக்கச் சொன்னார்கள். நான் "2 டம்ளர்", "3 டம்ளர்" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு சிஸ்டர் எங்கள் எவர்சில்வர் டம்ளரை வாங்கி, தண்ணீர் நிரப்பி அளவுச்சாடியில் ஊற்றினார். 180 மி.லி. அதுவரை சார்ட்டில் டம்ளருக்கு 100 என்றே கணக்கு. ரசம், கஞ்சி, இளநீர் எல்லாம் சேருமா என்று அப்போதுதான் கேட்டேன். சேரும். இரண்டு தடவை பாத்ரூமிலேயே போய்விட்டான் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டு மாணவி:

தாத்தா என்ன ஆனார் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும் அன்று காலையும் கையைப் பிடித்து நின்றேன். பாதியில், "நாடி பாக்க இவ்ளோ நேரமாம்மா?" என்றார். பேசிவிட்டால் கணக்குப் போச்சு, திரும்ப முதலில் இருந்து எண்ணினேன். 19 வந்தது. சார்ட்டில் மூச்சு எழுதும் வரிசை முழுக்கத் தேடினாலும் ஒற்றைப்படை எண் அது ஒன்றுதான்.