கனடா அண்ணா சொல்லுறதா, எங்கட வயர்மேன் சொல்லுறதா சரி?

கடற்கரை வீடு (அலஸ்தோட்டம்):
வணக்கம். திருகோணமலை அலஸ்தோட்டத்தில் நாங்கள் கட்டுற வீட்டுக்கு இப்ப வயரிங் நடக்குது. போர்டைப் படம் எடுத்து ஸ்காபரோவில் இருக்கிற அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் அங்க வீடு கட்டுற வேலைதான் செய்யிறார். "நியூட்ரலையும் எர்த்தையும் மெயின் போர்டில சேர்க்க வேணும், இங்க அதுதான் சட்டம், உங்கட ஆள் அதைச் செய்யேல்ல" என்கிறார். லண்டனில் படிக்கிற மகன், சிவப்பும் கறுப்பும் பழைய நிறம், மண்ணிறமும் நீலமும் போடச் சொல்லுறான். வயர்மேன் இரண்டுக்கும் மாட்டேன் என்கிறார். நாட்டுக்கு நாடு ஏன் இப்படி வேற வேற சட்டம்? இங்க எது செல்லும்? பூச்சு வேலை தொடங்க முதல் தெரிய வேணும்.

உப்புவெளி வயர்மேன்:
அக்கா, நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) எர்த்தையும் (பழுது வந்தால் கரண்ட் மண்ணுக்குப் போகிற கம்பி) சேர்க்காமல் விட்டதுதான் சரி. யார் சொன்னாலும் சேர்க்க விடாதீங்கோ.

நாங்கள் இலங்கையில் பின்பற்றுறது பிரித்தானிய வயரிங் விதிப் புத்தகம், பி.எஸ். 7671. அந்தப் புத்தகமே முதலில் கேட்கிறது, உங்கட வீட்டுக்கு எர்த் எங்கேயிருந்து வருகுது என்றுதான். லண்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு கரண்ட் கம்பனியே கேபிளோடு எர்த்தையும் தரும். இங்க ரோட்டுக் கம்பியிலிருந்து உங்களுக்கு வருகிறது லைவும் நியூட்ரலும் மட்டும். எர்த் நீங்கள் வளவுக்குள் மண்ணில் அடிக்கிற உலோக றொட்தான்.

கணக்கைப் பாருங்கோ. றொட்டின் தடை 50 ஓம் என்று வையுங்கோ. ஃபிறிட்ஜின் உடம்பில் லைவ் வயர் பட்டால் 230 வோல்ட்டுக்கு மண்ணுக்குள் போவது 4.6 அம்பியர்தான். 32 அம்பியர் பிரேக்கர் அசையாது, ஃபிறிட்ஜ் கரண்டோடு அப்படியே நிற்கும். கை வைக்கிற பிள்ளையைக் காப்பாற்றுவது, கரண்ட் மண்ணுக்குக் கசிஞ்சால் உடனே விழுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அது இல்லாத வீடு எனக்குப் பயம்.

இப்ப அண்ணா சொன்னபடி சேர்த்தால்? ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் சேர்த்தால் அது நிற்காமல் விழும், பிறகு யாரோ எரிச்சலில் அதைக் கழற்றிவிடுவார்கள். முன்னால் சேர்த்தால் இன்னும் மோசம். காற்றுக்கு ரோட்டில் நியூட்ரல் அறுந்தால் உங்கட ஃபிறிட்ஜ், மோட்டர், கேட் என்று எர்த் பிடிச்ச இரும்பெல்லாம் கரண்ட் ஏறும். ட்ரிப் சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது.

நிறத்தில் மகன் சொல்லுறது லண்டனுக்குச் சரி. அங்க 2004 இல் மாற்றத் தொடங்கி, 2006 மார்ச் முடிய புது வேலைகளில் பழைய நிறத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கறுப்பு முன்பு நியூட்ரல், புது முறையில் மூன்று பேஸில் (லைவ் கம்பிகளில்) ஒன்று. நீலம் முன்பு பேஸ், இப்ப நியூட்ரல். ஒரு வீட்டுக்குள் இரண்டையும் கலந்தால் அடுத்து போர்டைத் திறக்கிறவனின் உயிருக்கு ஆபத்து. பாதி வேலை முடிஞ்ச வீட்டில் தொடங்கின நிறத்திலேயே முடியுங்கோ.

டொன் வலி மின்வேலை:
நான் கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் லைசன்ஸ் வைச்சு வேலை செய்யிறன். அண்ணாவில் பிழை இல்லை, அவர் தன்ர ஊர்ச் சட்டத்தைச் சொல்லுறார். இங்க கம்பனியின் நியூட்ரல் வழி நெடுக எர்த் செய்யப்பட்டு வருகுது. அதனால் வீட்டுக்குள் வருகிற முதல் இடத்தில் சேர்த்தால், பழுது வந்ததும் பெரிய கரண்ட் ஓடி பிரேக்கர் விழும்.

கனடாவுக்குள்ளேயே ஒரே சட்டம் இல்லை. தேசியக் கோட் (மின்வேலை விதிப் புத்தகம்) மூன்று வருஷத்துக்கு ஒருக்கா வருகுது, ஆனால் மாகாணம் ஏற்றால்தான் சட்டம். 2024 கோட்டை ஒன்ராறியோ தன்ர திருத்தங்களோடு எடுத்தது 2025 இல். எல்லைக்கு அங்கால அமெரிக்காவிலும் அப்படித்தான். 1897 இல் தொடங்கின கோட் மூன்று வருஷத்துக்கு ஒருக்கா புதுசாகும், ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பதிப்பில் நிற்கும். சிக்காகோவுக்குத் தனிக் கோட், வீட்டு வயரையும் இரும்புக் குழாய்க்குள் விடச் சொல்லும்.

கடற்கரை வீடு:
நன்றி தம்பிமார். புதுப் பதிப்பு வந்தால் சுவரை உடைக்க வேணுமோ?

உப்புவெளி வயர்மேன்:
இல்லை அக்கா. பி.எஸ். 7671 இன் 18ஆம் பதிப்பு 2018 இல் வந்தது, பிறகு 2022 இலும் 2024 இலும் திருத்தங்கள். பழைய பதிப்பின்படி சரியாகச் செய்த வீடு அதனால் மட்டும் ஆபத்தானதாகிவிடாது என்று அந்தப் புத்தகமே சொல்லுது. புதுசாக ஏதும் சேர்த்தால் அந்த வேலை புது விதிப்படி இருக்க வேணும்.

பூச்சுக்கு முதல் இரண்டு விஷயம். பிளக் குத்துற இடமெல்லாம் 13 அம்பியர் சதுரப் பின்னா என்று பாருங்கோ, அதுதான் இப்ப நாட்டின் தரம். றொட்டைக் கிணற்றடிப் பக்கம் ஈர மண்ணில் அடிக்கச் சொல்லுங்கோ. கச்சான் காற்று வீசுகிற மாசங்களில் எங்கட மணல் காய்ந்து தடை ஏறும், அதனால் மீற்றர் வைத்து அளப்பதை அப்பவும் ஒருக்கா செய்விக்க வேணும். எர்த் வயரை றொட்டோடு பிடிக்கிற கிளாம்ப் இருக்கிற இடத்தை சீமெந்தால் மூட விடாதீங்கோ, உப்புக் காற்று அரிச்சிருக்கா என்று திறந்து பார்க்க ஒரு மூடி விடச் சொல்லுங்கோ.