அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் துப்பறியும் நாவல்கள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்கு வயது 74. தமிழ்வாணனின் சங்கர்லாலில் தொடங்கி, சுஜாதாவின் கணேஷ்-வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று எல்லோரோடும் வளர்ந்தவர். இப்போது பார்வை மங்கிவிட்டது. மாத நாவல்களின் பொடி எழுத்தும் பழுப்புத் தாளும் அவருக்குச் சரிப்படவில்லை.

போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஒலிப்புத்தகமும் அப்படித்தான். அவர் படிக்கிற விதமே வேறு. பாதியில் யார் மேலாவது சந்தேகம் வந்தால், ஒரு விரலை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு, முன்னால் வந்த தடயத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டுவார். கண்டுபிடித்துவிட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது.

பெரிய எழுத்தில், நல்ல தாளில் வந்த துப்பறியும் நாவல்கள் எதையாவது நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள். புதிதாக எழுத வந்தவர்கள் என்றால் இன்னும் மகிழ்ச்சி. அகதா கிறிஸ்டியின் கதைகளுக்குத் தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிற தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தாலும் சரி. ரத்தம் தெறிக்கிற வர்ணனை வேண்டாம், புதிர்தான் முக்கியம்.

அப்புறம் ஒன்று, கொலையாளி யார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் பதில்களை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.