எம்டன் மாடலில் வெள்ளைப் படலம், உதவி தேவை

குளச்சலில் கடற்கரையை ஒட்டி வீடு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை 1:350 அளவில் பிளாஸ்டிக்கில் செய்துகொண்டிருக்கிறேன். ஜூன் கடைசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். காலையில் மேல்தளத்திலும் மூன்று புகைபோக்கிகளிலும், எதிரியை ஏமாற்ற அது வைத்திருந்த நான்காவது பொய்ப் புகைபோக்கியிலும் பால் தெளித்தாற்போல் வெள்ளை. பக்கவாட்டில் மட்டும் ஒன்றுமில்லை.

ஹேர் டிரையர் காட்டினேன். அரிசி டப்பாவில் மூடி வைத்தேன். அப்புறம் நல்ல வெயிலில் மெல்லிதாக இன்னொரு கோட். அசையவில்லை. வார்னிஷ் லேக்கர் வகை, அடியில் அக்ரிலிக் பெயிண்ட், அதனால் தின்னர் தொடப் பயம். பீரங்கிக் குழல்கள் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, கழற்றவும் முடியாது.

பெயிண்ட் கெடாமல் இந்தப் படலத்தை மட்டும் எப்படி எடுப்பது?