கல்லூரி நூலகத் தலைமைக்கு நிர்வாகம் என்பது நடைமுறையில் எது?

டோம்லூர்_தமிழ்:
பெங்களூரில் தனியார் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி. 42,000 நூல்கள், ஐந்து ஊழியர்கள், கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள். உதவி நூலகர் பொறுப்பிலிருந்து தலைமைக்கு மாற வேண்டியிருக்கிறது. எம்.எல்.ஐ.எஸ்ஸி (நூலக அறிவியல் முதுகலை) பாடத்தில் நிர்வாகம் என்றால் போஸ்ட்கார்ப் (திட்டமிடல் முதல் பட்ஜெட் வரை ஏழு நிர்வாக வேலைகளின் பட்டியல்), மாஸ்லோ (மனிதத் தேவைகளின் படிநிலை). நூலகத்தை நிஜமாகவே நடத்துகிறவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்களா? முதல் வருடம் எதில் கவனம் வைப்பது?

பழைய_கேட்லாக்:
போஸ்ட்கார்ப் 1937இல் லூதர் குலிக் அரசு நிர்வாகத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. ஏழு வேலைகளும் தலைமை அதிகாரியின் கையில் இருக்கின்றன என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. நம்மூர்க் கல்லூரி நூலகர் பெரும்பாலும் ஆள் எடுக்க முடியாது, காசோலையில் கையெழுத்துப் போட முடியாது. அவர் கையில் மிஞ்சுவது பட்ஜெட் மதிப்பீடும் அறிக்கையும்தான். ஆகவே நிர்வாகத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

பட்ஜெட்டில் சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று: நாள்காட்டி. ஜர்னல் சந்தா ஜனவரி முதல் டிசம்பர் வரை. கல்லூரிக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வரும் ஏப்ரலுக்கான மதிப்பீட்டை டிசம்பர், ஜனவரியிலேயே கேட்பார்கள். அந்தப் பணத்தில் புதுப்பிக்கப் போகும் சந்தாவின் விலையோ ஆகஸ்ட், செப்டம்பருக்குப் பிறகுதான் தெரியும். எனவே விலை உயர்வு ஒரு வரி, டாலர் ஏற்றத்துக்கு ஒதுக்கீடு இன்னொரு வரி என்று பிரித்து எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே சதவீதமாகப் போட்டால், 'இது ரொம்ப அதிகம்' என்று நிதி அலுவலர் ஒரே வெட்டாக வெட்டிவிடுவார். தனி வரியாக இருந்தால் ரூபாய் சரிந்ததற்கான ஆதாரத்தைக் காட்டி நிறுத்திவைக்கலாம்.

'மத்திய அரசே ஜர்னல் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, பிறகு எதற்குப் பணம்?' என்றும் கேட்பார்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டம் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைத் தருகிறது. ஆனால் முதல் கட்டத்தில் அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். தனியார் கல்லூரி தன் காசைத்தான் போட வேண்டும். மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிடுவது நல்லது.

ஷெல்ஃப்_ரீடர்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். பல தலைமை நூலகர்களுக்கு நிர்வாகம் என்றால் புத்தகம் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது; நூலகர் பணியை மதிப்பிடும் விதியே அப்படி. 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெறிமுறைகளில் நூலகர் பதவி உயர்வுக்கான அட்டவணையைப் பாருங்கள். இருப்புச் சரிபார்ப்பில் காணாமல் போனவை 0.5 சதவீதத்துக்குள் இருந்தால் 'நன்று', 1 சதவீதத்தைத் தொட்டால் 'திருப்தியில்லை'. உங்கள் 42,000இல் 0.5 சதவீதம் என்பது 210 நூல்கள்.

மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் அளவுகோலே வேறு. ஆண்டில் இரவல் போனவையும் அங்கேயே எடுத்துப் படித்தவையும் சேர்த்து ஆயிரத்துக்கு ஐந்து நூல் இழப்பு நியாயமானது என்று அது ஏற்கிறது, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமில்லை என்றால். அதாவது புழக்கம் கூடினால் இழப்பு வரம்பும் கூடும். யுஜிசி கணக்கில் வாசகர் எவ்வளவு பயன்படுத்தினாலும் வரம்பு நகராது. பிறகு ஏன் சிலர் அலமாரியைப் பூட்டி வைக்கிறார்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது!

நிதி விதிகள் தனியார் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நூலகக் குழுவில் எடுத்துக்காட்ட நல்ல ஆயுதம். 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, 20,000 முதல் 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது, அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு போதும் என்கிறது. உங்களுக்கு நடுப்பிரிவு.

கோஹாவில் இந்தச் சரிபார்ப்பைச் செய்யும்போது இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். ஸ்கேன் செய்த பார்கோடுகளை எக்ஸெலில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் விழுந்துவிடும். பிறகு பாதி நூல் 'அப்படிப் பார்கோடே இல்லை' என்று வரும். வரிக்கு ஒரு பார்கோடாக நோட்பேடிலேயே சேமியுங்கள். இரண்டாவது, இரவலில் உள்ளவற்றைத் தவிர்க்கும் தேர்வை விட்டுவிட்டால் மாணவர் கையில் இருக்கும் நூலெல்லாம் 'காணோம்' பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலை அப்படியே முதல்வரிடம் கொடுத்துவிட்டால் அப்புறம் விளக்கம் சொல்லி மாளாது.

டோம்லூர்_தமிழ்:
இருவருக்கும் நன்றி. ஊழியர் பக்கம் யாரும் தொடவில்லையே? ஐந்து பேரில் மூன்று பேர் கன்னடக்காரர்கள், என்னைவிட மூத்தவர்கள். அலமாரிப் பொறுப்பை எப்படிப் பிரிப்பது? ஜர்னலில் எதை நிறுத்துவது என்பதும் அடுத்த தலைவலி.

மைசூர்_ரோடு:
வகுப்பு எண்ணை (நூலின் பொருளைக் குறிக்கும் டூயி எண்) ஐந்தாகப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். பொறியியல் கல்லூரியில் திரும்பி வரும் நூல்களில் பெரும்பங்கு 005இலும் (கணினி நிரலாக்கம்) 621இலும் (மின், இயந்திரப் பொறியியல்) விழும். 100 முதல் 399 வரை வாங்கியவர் சும்மா இருப்பார், 621 வாங்கியவர் மாலை வரை அடுக்குவார். போன வருட இரவல் எண்ணிக்கையை வகுப்பு எண் வாரியாகக் கோஹா அறிக்கையில் எடுத்து, அந்த எண்ணிக்கையைச் சமமாகப் பிரியுங்கள். 621ஐயே புள்ளிக்குப் பின் வரும் இலக்கத்தை வைத்து இரண்டாக உடைக்க வேண்டிவரும். மூத்தவர்களிடம் முடிவைக் கொண்டு போகாமல் அறிக்கையைக் கொண்டு போய், பிரிப்பை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கன்னடத்தில் பேசுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஷெல்ஃப் ரீடிங் (நூல்கள் வரிசைப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது) காலையில் கவுன்டர் சூடு பிடிக்குமுன் அரை மணி நேரம் போதும்.

ஜர்னலுக்குப் பதிப்பகத் தளத்தில் கவுன்டர் (COUNTER) அறிக்கை, அதாவது மின்னிதழ் பயன்பாட்டைப் பொது முறையில் எண்ணும் அறிக்கை, எடுங்கள். சந்தாத் தொகையை ஆண்டுப் பதிவிறக்கத்தால் வகுத்தால் ஒரு பயன்பாட்டுக்கான செலவு கிடைக்கும். 6 லட்சம் கொடுத்து 1,200 முறை இறக்கியிருந்தால் ஒன்றுக்கு 500 ரூபாய். கவுன்டரின் ஐந்தாம் பதிப்பு அறிக்கையில் மொத்தக் கோரிக்கையை எடுக்காமல் தனித்த கோரிக்கையை எடுங்கள். ஒரே அமர்வில் ஒரே கட்டுரையை வலைப்பக்கமாகவும் பிடிஎஃப்பாகவும் திறந்தால் மொத்தத்தில் இரண்டாக ஏறிவிடும். சில பதிப்பகங்களின் எண் பெருத்துத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் நிறுத்தக் கூடாது. சிறிய துறையில் நான்கு ஆய்வு மாணவர்கள் படிக்கும் இதழுக்கு எண் எப்போதும் மோசமாகத்தான் வரும். துறைத் தலைவரிடம் எழுத்தில் கருத்துக் கேட்டு, நூலகக் குழுக் கூட்டக் குறிப்பில் ஏற்றிய பிறகே நிறுத்துங்கள். அந்தக் கூட்டத்தை செப்டம்பருக்குள் வையுங்கள். நவம்பரில் வைத்தால் சந்தா ஏஜென்ட் புதுப்பித்து பில் அனுப்பியிருப்பார்.