அரங்கத்து சவுண்ட், லைட் பவரை வீட்டிலிருந்து ஆஃப் செய்ய வழி? (ஸ்மார்ட் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டது)

மேடைப்பின்புறம்:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு அறக்கட்டளை அரங்கத்தில் பதினோரு வருஷமாக சவுண்ட், லைட் இரண்டும் நான்தான் பார்க்கிறேன். 600 இருக்கை. துணைக்கு வாட்ச்மேன் ஐயா ஒருவர் மட்டும். அவருக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். மெயின் பேனலோ மாடியில் ஆம்ப் ரூமுக்குள் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கும் அறை) இருக்கிறது.

மார்கழியில் தினமும் கச்சேரி, நடுநடுவே பள்ளி ஆண்டு விழாக்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மாலை, பொன்னாடை, போட்டோ என்று ஒரே கூட்டம். அந்தக் களேபரத்தில் யாராவது ஒரு சர்க்யூட்டை மறந்துவிடுவோம். காலையில் போய்ப் பார்த்தால் மூவிங் ஹெட் (தானாகத் திரும்பும் மேடை விளக்கு) எட்டும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும், ஆம்ப் ரூம் அடுப்படி மாதிரி கொதிக்கும். என் வீடு 14 கிலோமீட்டர் தள்ளி.

அதனால் மூன்று வைஃபை ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கி மாட்டினேன், ஒவ்வொன்றும் 16 ஆம்பியர். இரண்டு மாதம் அமோகமாக ஓடியது. போன வாரம் ராத்திரி பத்தரைக்கு, வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஆஃப் அழுத்தினேன். ஆஃப் என்றே காட்டியது. விடியற்காலை வாட்ச்மேன் போன்: "தம்பி, மாடியில என்னமோ இரையுது." போய்ப் பார்த்தால் ஆறு ஆம்பும் ராத்திரி முழுக்க ஓடியிருக்கின்றன. ஸ்விட்சை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம்தான் அணைந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரிலேயின் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சின்ன ஸ்விட்ச்) இரண்டு முனையும் உருகி ஒட்டி, கடுகளவு கருப்புப் புள்ளி.

இன்னொரு தொல்லையும் உண்டு. கச்சேரி நடுவே இ.பி. போய் ஜெனரேட்டர் எடுத்தால் எல்லாம் ஒரே நொடியில் ஆன் ஆகிறது. 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகும். ட்ரிப் ஆகாவிட்டால் ஸ்பீக்கரில் 'டும்'. தனி ஆவர்த்தனத்தில் ஒரு தடவை அது விழுந்தது. மிருதங்க வித்வான் வாசிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

செயலாளர் ஒன்றரை லட்சத்துக்குள் முடிக்கச் சொல்கிறார். என்ன வாங்கலாம்?

வயல்காட்டான்:

இதற்கு எதற்கு ஒன்றரை லட்சம்? போர் மோட்டாருக்குப் போடுகிறோமே, சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர், அதில் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஒரு போன் அடித்தால் ஆன், இன்னொன்று அடித்தால் ஆஃப். என் தோட்டத்தில் ஆறு வருஷமாக ஓடுகிறது. மழை, இடி, எலி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

கோவை பேனல்காரன்:

வயல்காட்டான் அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பெட்டிக்குள் இருப்பது கான்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் தடித்த ரிலே. உங்களுக்கும் வேண்டியது அதுதான். ஆனால் அப்படியே தூக்கி மாட்டினால் வேறு கூத்து நடக்கும். மோட்டார் இழுக்கும் கரண்ட் குறைந்தால் கிணறு வற்றிவிட்டது என்று முடிவுகட்டி ஆஃப் செய்கிற ஏற்பாடு பெரும்பாலான மொபைல் ஸ்டார்ட்டரில் உண்டு. ஆம்ப் சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்ட் மிகக் கொஞ்சம். வித்வான் கண்ணை மூடி ஆலாபனையை மெல்ல ஆரம்பிப்பார், உங்கள் பெட்டி தண்ணீர் இல்லை என்று அணைத்துவிடும்.

இப்போது ரிலே ஏன் ஒட்டியது என்று பார்ப்போம். ஸ்மார்ட் ஸ்விட்சில் போட்டிருக்கும் 16 ஆம்பியர், கீசர், இஸ்திரிப் பெட்டி மாதிரி நேர் லோடுக்கு. ஆம்பின் டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் ஆன் ஆகும் அந்தக் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். எல்இடி லைட்டின் டிரைவரும் அப்படித்தான். சில மில்லி செகண்ட் சமாசாரம், கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் சாதாரணமாகத் தெரியாது. ஆறு ஆம்பை ஒரே ரிலேயில் தினமும் ஆன் செய்தால் அது தினமும் கொஞ்சம் வெல்டிங் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் தாங்கியதே பெரிது.

லோடை ரிலேயில் ஓட்டாதீர்கள். ரிலே கான்டாக்டரின் காயிலை (அதை மூட வைக்கும் காந்தச் சுருள்) மட்டும் இழுக்கட்டும், லோடு கான்டாக்டரில் ஓடட்டும். கான்டாக்டர் வாங்கும்போது மேலே அச்சடித்த பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏசி-1 என்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு, ஏசி-3 மோட்டாருக்கு. ஒரே கான்டாக்டரில் ஏசி-1 எண் பெரிதாகவும் ஏசி-3 எண் சிறிதாகவும் இருக்கும். சிறிய எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

எம்சிபி மேல் என்ன எழுத்து இருக்கிறது, பி-யா சி-யா? பி என்றால் 3 முதல் 5 மடங்கு கரண்டில் சட்டென விழும். சி-க்கு 5 முதல் 10, டி-க்கு 10 முதல் 20. உங்களுடையது பி என்று ஊகிக்கிறேன். சி போடலாம். யாராவது டி போட்டால் தொல்லை விட்டது என்பார்கள், கேட்காதீர்கள். நீள வயரின் கடைசியில் ஷார்ட் ஆனால் அத்தனை கரண்ட் வராமல் டி உடனே விழாமல் போகலாம்.

ஆனால் உண்மையான மருந்து எம்சிபி இல்லை, வரிசை. ஆன் ஆகும்போது முதலில் ப்ராசசர் (ஒலியைச் சீர்செய்யும் பெட்டி), ஸ்டேஜ் பாக்ஸ் (மேடை மைக் வயர்கள் சேரும் பெட்டி). 5 நொடி கழித்து எல்இடி பார் (மேடை விளக்கு). இன்னும் 5 நொடியில் மூவிங் ஹெட். கடைசியாக ஆம்ப், அதுவும் இரண்டு இரண்டாக. ஆஃப் ஆகும்போது ஆம்ப் முதலில் போக வேண்டும், ப்ராசசர் கடைசியில். உங்கள் 'டும்' இந்த வரிசையிலேயே போய்விடும். மிக்சரை மட்டும் யூபிஎஸ்ஸில் வையுங்கள், டிஜிட்டல் மிக்சர் மறுபடி எழுந்து வருவதற்குள் ஒரு கீர்த்தனை பல்லவியைத் தாண்டிவிடும்.

கடைசியாக ஒன்று. போனில் ஆஃப் என்று காட்டியது நீங்கள் அனுப்பிய கட்டளைதான். லோடு நின்றதா என்பது அதற்குத் தெரியாது. கான்டாக்டரின் பக்கத்தில் சின்ன துணை கான்டாக்ட் ஒன்று மாட்டி, ஆம்ப் லைனில் ஒரு சிடியும் (கரண்டை அளக்கும் வளையம்) போட்டு, அவை இரண்டும் சொல்வதைப் போனில் காட்டுங்கள்.

ஏணிமேல்:

துபாயில் எட்டு வருஷம் நிகழ்ச்சி அரங்கங்களில் லைட் வேலை பார்த்தவன். பேனல்காரர் சொன்ன எல்லாம் சரி. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: தூரத்திலிருந்து ஆஃப் செய்யுங்கள், ஆன் செய்யாதீர்கள்.

நான் ஏணி மேல் நின்று ஒரு ஹாலஜன் பாரில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். சர்க்யூட் ஆஃப். கீழே கன்சோலில் இருந்த பையன் அன்றைய ஷோவை லோட் செய்தான். அதில் ரிலே பேனலை ஆன் செய்யும் கியூ (முன்பே பதித்து வைத்த கட்டளை) இருந்தது. கையில் 1000 வாட் பல்பு பளீரென்று எரிந்தது. கையுறை இருந்ததால் கை பிழைத்தது, பல்பு கீழே விழுந்து நொறுங்கியது. அந்த நேரம் ஏணிக்கு நேர் கீழே யாரும் இல்லை.

நீங்கள் 14 கிலோமீட்டர் தள்ளி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு ஆன் அழுத்தும்போது ஏணியில் யார் நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ரிமோட்டில் ஆஃப் செய்தது மின்சாரத்தைத் துண்டித்ததாகாது. வேலை செய்கிறவர் ஐசோலேட்டரை (மெயினைத் துண்டிக்கும் கை ஸ்விட்ச்) இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கன்சோலிலிருந்து விளக்குகளுக்குப் போகும் டிஎம்எக்ஸ் 512 சிக்னலின் தரநிலையிலேயே உயிருக்கு ஆபத்தான காரியத்துக்கு அதைப் பயன்படுத்தாதே என்று இருக்கிறது. சிக்னலில் பிழை வந்தால் கண்டுபிடிக்க அதில் வழியில்லை.

ப்ரொஜெக்டர் இருந்தால் அதன் பவரைக் கான்டாக்டரில் வெட்ட வேண்டாம். நெட்வொர்க் வழியாக பிஜேலிங்க் என்ற ப்ரொஜெக்டர் கட்டளை முறையில், போர்ட் 4352, ஆஃப் கட்டளை அனுப்பினால் அதுவே ஆறி அணையும். டிஸ்சார்ஜ் விளக்கு (வாயு விளக்கு) மூவிங் ஹெட்டும் அதே ரகம், முதலில் விளக்கை அணைத்து விசிறியைப் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். மூவிங் ஹெட் எதையும் டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்) சேனலில் சொருகவே கூடாது. வெளியேறும் வழி விளக்குகளும் பார்வையாளர் பக்கத்து அவசர விளக்கும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கட்டும். அப்புறம் பாஸ்வேர்டு. பெட்டியில் வந்ததையே வைத்துக்கொண்டு ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள், விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) போடுங்கள்.

மேடைப்பின்புறம்:

எம்சிபி பி-தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

ஏணி விஷயம் படித்ததும் வயிற்றைக் கலக்கியது, எங்கள் ஏணி அந்த லட்சணம். ஆனால் காலையில் பள்ளிக்கூடத்தார் ஏழு மணிக்கே வந்து நிற்பார்கள், வாட்ச்மேன் படி ஏற முடியாது. நான் வந்து சேரும்வரை ஆன் செய்ய ஆள் வேண்டுமே?

கோவை பேனல்காரன்:

அதற்கு வயல்காட்டான் அண்ணனிடமே பதில் இருக்கிறது. பம்புசெட் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன். கீழே மேடைப் பக்கவாட்டில், ஏணி கண்ணில் படும் இடத்தில், பச்சை பட்டன் ஒன்று சாவியோடு வையுங்கள். உங்கள் ரிமோட் ரிலேயைச் சிவப்பு பட்டனோடு தொடராக இணைத்துவிட்டால் அதனால் நிறுத்த மட்டும்தான் முடியும். யாராவது உங்கள் போனைத் திருடினாலும் ஆன் செய்ய முடியாது.

இ.பி. போய் வரும்போது நிகழ்ச்சி தானாகத் தொடர, பச்சை பட்டன் இழுக்கும் மாஸ்டர் ரிலே மட்டும் 24 வோல்ட்டில் யூபிஎஸ் பின்னால் இருக்கட்டும், அது விழாது. கான்டாக்டர் காயில்கள் மெயின் கரண்டில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டைமர். கரண்ட் போனால் அவை விழும், வந்தால் வரிசையாக எழும். அவற்றுக்கும் முன்னால் ஒரு ஃபேஸ் மானிட்டர் ரிலே கட்டாயம். ஜெனரேட்டர் வோல்ட்டேஜ் நிலைத்த பிறகே விடும். நியூட்ரல் கட்டானால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரை ஏறும், அதையும் தடுக்கும். நாலு வயர் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், மூன்று வயர் மாடலுக்கு நியூட்ரல் போனது தெரியாது.

வயல்காட்டான்:

ஆக, கடைசியில் பம்புசெட்தான்.

மேடைப்பின்புறம்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். உள்ளூர் பேனல் கடையில் நீங்கள் சொன்னபடியே செய்தேன். கான்டாக்டர்கள், டைமர், ஃபேஸ் ரிலே, கீழே சாவிப் பட்டன், இரண்டு பூட்டு. கூலியோடு தொண்ணூற்றிரண்டாயிரம்.

சனிக்கிழமை கச்சேரியில் இ.பி. போனது. ஜெனரேட்டர் எடுத்து, மாடியில் 'டக்'... 'டக்'... 'டக்' என்று ஒவ்வொன்றாக எழும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அந்த இருபது நொடியும் பாடகர் மைக் இல்லாமலே பாடினார், சபை அசையவில்லை. ஆம்ப் சேர்ந்ததே தெரியவில்லை. மிருதங்க வித்வான் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. ஈரமான நாட்களில் எல்இடி வரிசையின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் ஒழுகினால் விழும் ஸ்விட்ச்) எப்போதாவது விழுகிறது. 24 பாரும் ஒரே ஆர்சிசிபியில்.

கோவை பேனல்காரன்:

ஒவ்வொரு பாரும் ஃபில்டர் வழியாகத் துளித்துளியாக எர்த்துக்கு ஒழுக்கும். 24 சேர்ந்தால் வாளி நிரம்பிவிடும், ஈரம் கடைசிச் சொட்டு. மூன்று ஆர்சிசிபியாகப் பிரித்து எட்டெட்டாகப் போடுங்கள். அதற்கும் விழுந்தால் ஏதோ ஒரு வயரில் தண்ணீர், தேட வேண்டியதுதான். பேனல் போட்டோ இருந்தால் போடுங்கள், வயர் கட்டு எப்படி என்று பார்க்கிறேன்.

மேடைப்பின்புறம்:

போட்டோ நாளைக்குப் போடுகிறேன். வாட்ச்மேன் ஐயா நேற்று கீழ்ப் பட்டன் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். இன்டிகேட்டர் விளக்கு மேலேயே வைத்திருக்கிறார். பச்சை எரிகிறதா சிவப்பு எரிகிறதா என்று முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும்.